ராண்ட்ஜன் விட்டுச் சென்ற ஆஸ்தி

கை முறிந்தவனுக்கும் காசம் கண்டவனுக்கும் வைத்தியர் முதலில் எழுதிக் கொடுப்பது எக்ஸ்-ரே படத்துக்கான சீட்டு. பெரிய பட்டணங்களில் மட்டுமன்றிச் சிற்றூர் ஆஸ்பத்திரிகளிலும் இஃது அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டது. சில விநாடி மூச்சையடக்கி நின்றுவிட்டுப் படத்தை வாங்கிக்கொண்டு போகிறவர்களில், அந்தக் கிரணத்தை உலகுக்கு அளித்தவர் யார், அதற்கு அவர் கேட்ட விலை என்ன என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. அவர் பெயர் வில்ஹெல்ம் கான்ராட் ராண்ட்ஜன். ஜெர்மனி தேசத்துப் பௌதிக சாஸ்திர ஆசிரியர். அவர் விலை எதுவும் கேட்கவில்லை. இந்த ஒரு செய்கையின் பொருட்டேனும் அவருடைய சரித்திரத்தைப் பொதுக் காரியங்களில் ஈடுபட்டோர் ஒருமுறை ஊன்றிப் படிக்க வேண்டுமென்பது நமது கருத்து.

1845-ம் வருஷம் மார்ச்சு மாதம் 27-ந் தேதி, ரைன் நதிப் பிரதேசத்திலுள்ள லென்னெப் என்னும் சிற்றூரில் ராண்ட்ஜன் பிறந்தார். தந்தையார் துணி வியாபாரி. பெற்றோருக்கு இவர் ஒரே புதல்வர். குழந்தைக்கு மூன்று வயதானபோது குடும்பம் ஹாலந்து தேசத்து அபெல்டோர்ன் நகருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிப் படிப்பில் அவர் விசேஷக் கீர்த்தி எதுவும் பெற்றாரில்லை. காட்டிலும் வெளியிலும் திரிவதிலும், சிறு யந்திரங்களைத் தம் கையாலேயே செய்து பார்ப்பதிலுமே அவருக்குப் பிரியம் அதிகம்.

பின்னர் யூட்ரெக்ட் நகரத்துத் தொழிற்பள்ளியில் சேர்ந்தார். அங்கே மாணாக்கன் ஒருவன் உபாத்தியாயரைப் பரிகாசம் செய்து கேலிச் சித்திரம் ஒன்று வரைந்தான். பழி ராண்ட்ஜன் தலையில் விழுந்தது. வரைந்தவன் பெயரைச் சொல்லும்படி அதிகாரிகள் அவரை வற்புறுத்தினர். பெயரைச் சொல்லியிருந்தால் அவர் தப்பியிருப்பார். அவரோ தோழனைக் காட்டிக் கொடுக்க மறுத்துவிட்டார். அதன் பலனாகப் பள்ளியினின்றும் வெளியேற்றப்பட்டார். சர்வகலாசாலையில் சேருவதற்கு வேண்டிய பள்ளியிறுதிச் சான்று அவருக்குக் கடைசி வரையில் கிடைக்கவேயில்லை. பிறனைக் காட்டிக் கொடுத்துத் தான் தப்பும் சோதனை, பொதுவாழ்வில் இறங்கிய எவனுக்கும் ஒரு நாள் வந்தே தீரும். ராண்ட்ஜனுக்கு அது பதினெட்டு வயதை ஒட்டிய பருவத்திலேயே வந்தது.

ஸ்விட்ஜர்லாந்து தேசத்து ஜூரிச் நகரில் இருந்த பொறியியல் கலாசாலை, பள்ளிச் சான்று இல்லாதவர்களையும் பரீட்சை வைத்துச் சேர்த்துக்கொள்ளும் வழக்கமுடையது. 1865-ம் வருஷத்தில் ராண்ட்ஜன் அங்கே சேர்ந்து யந்திரக் கலை பயின்றார். 1869-ல் ஜூரிச் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கே ஆசிரியராயிருந்த குண்ட் என்பவர் அவருடைய திறமையைக் கண்டு, அவரைப் பௌதிக சாஸ்திரத்தின் பக்கம் திருப்பித் தமக்கு உதவியாளராகவும் வைத்துக்கொண்டார். 1870-ல் குண்டுடன் ஜெர்மனியிலுள்ள வூர்ஸ்பர்க் சர்வகலாசாலைக்குச் சென்றார். அங்கே மீண்டும் பழைய தடை குறுக்கிட்டது. பள்ளியிறுதிச் சான்று இல்லாதவருக்குப் போதிக்கும் உரிமை அளிக்க முடியாதென்று அந்தச் சர்வகலாசாலை கதவை அடைத்தது. 1872-ல் இருவரும் ஸ்டிராஸ்பர்க் சென்றனர்; அங்கேதான் 1874-ல் அவருக்கு அவ்வுரிமை கிடைத்தது. பின்னர் ஹோஹன்ஹீம், மீண்டும் ஸ்டிராஸ்பர்க், கீஸன் ஆகிய இடங்களில் ஆசிரியராயிருந்தார். 1888-ல் அவரைத் தன் பௌதிக ஆசிரியராக வருந்தியழைத்தது எது என்று நினைக்கிறீர்கள்? கதவை அடைத்த அதே வூர்ஸ்பர்க் சர்வகலாசாலைதான். 1894-ல் அவரையே தன் தலைவராகவும் அது தேர்ந்துகொண்டது. சான்றுச் சீட்டைக் கொண்டு மனிதனை அளப்பவர்களுக்கு இதற்கு மேல் நாம் எடுத்துச் சொல்ல வேண்டியது என்ன இருக்கிறது?

இனி அவர் பெயரை நிலைநிறுத்திய ஆராய்ச்சிக்கு வருவோம். கண்ணாடிக் குழாயொன்றிலிருந்து காற்றைப் பெரும்பாலும் வெளியேற்றிவிட்டு, இரு முனைகளிலும் உலோகத் தகடு பொருத்தி, வலிய மின்சாரத்தைச் செலுத்தினால், எதிர்முனையிலிருந்து ஒருவகைக் கிரணம் புறப்படும். அதற்குக் காதோட் கிரணம் என்று பெயர். அது மிக நுண்ணிய மின்துகள்களின் ஓட்டம் என்பது 1897-ல் இங்கிலாந்தில் ஜே. ஜே. தாம்ஸன் செய்த சோதனைகளால் தெளிவாயிற்று. அத்துகள்களையே நாம் எலெக்ட்ரான் என்கிறோம். 1895-ல் அது இன்னதென்று எவருக்கும் நிச்சயமில்லை. குரூக்ஸ், ஹிட்டார்ப், ஹெர்ட்ஸ், லெனார்டு முதலிய பலர் இத்துறையில் உழைத்திருந்தனர். லெனார்டு செய்த சோதனைகளைத் தாமும் செய்து பார்க்கவே ராண்ட்ஜன் முதலில் இதில் இறங்கினார்.

1895-ம் வருஷம் நவம்பர் மாதம் 8-ந் தேதி, வெள்ளிக்கிழமை மாலை. குழாயைக் கறுப்பு அட்டையால் ஒளி கசியாதபடி நன்றாக மூடிவிட்டு, அறையையும் இருட்டாக்கி, மின்சாரத்தைச் செலுத்தினார். சற்று தூரத்தில் கிடந்த ஒரு திரை பச்சை ஒளி வீசி மினுங்கியது. பேரியம் பிளாட்டினோ சயனைடு என்ற உப்பு பூசிய திரை அது. மின்சாரத்தை நிறுத்தினால் மினுக்கம் நின்றது. செலுத்தினால் மீண்டும் தோன்றியது. குழாயின் வெளிச்சம் அட்டையைத் தாண்டி வர வழியில்லை. காதோட் கிரணமோ காற்றில் சில அங்குலத்துக்கு மேல் செல்லாது. ஆகவே கண்ணுக்குத் தெரியாத வேறொரு கிரணம் அட்டையை ஊடுருவி வந்து திரையில் விழுகிறது என்று அவர் ஊகித்தார்.

இதை வெறும் அதிருஷ்டம் என்று சொல்வாரும் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. இந்தக் கிரணம் அவருக்கு முன்னரே பல ஆராய்ச்சிசாலைகளில் உண்டாகிக்கொண்டுதான் இருந்தது. 1890-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துக் குட்ஸ்பீடு என்ற ஆசிரியரின் புகைப்படத் தகடொன்றில் நாணயங்களின் நிழல் காரணமின்றி விழுந்திருந்தது. அவர் அதை ஒரு புறம் வைத்துவிட்டார். ராண்ட்ஜனின் செய்தி வந்த பின்னரே அதன் பொருள் அவருக்கு விளங்கிற்று. அதிருஷ்டம் பலர் வீட்டு வாயிலுக்கு வந்தது. எழுந்து சென்று கதவைத் திறந்தவர் ராண்ட்ஜன் ஒருவரே.

அதன் பின்னர் ஏழு வாரம் அவர் செய்த வேலையை அநேகமாக எவருக்கும் சொல்லவில்லை. உண்பதும் உறங்குவதுங்கூட ஆராய்ச்சிசாலையிலேயே என்றாயிற்று. காகிதம், மரம், ஆயிரம் பக்கப் புத்தகம், ரப்பர், அலுமினியம், செம்பு, ஈயம் என்று ஒவ்வொன்றாகக் கிரணத்தின் வழியில் வைத்துப் பார்த்தார். தடித்த புத்தகத்தை அது எளிதில் கடந்தது; ஒன்றரை மில்லிமீட்டர் ஈயத் தகடு அநேகமாக முற்றும் தடுத்துவிட்டது. காந்தம் அதை வளைக்கவில்லை; கண்ணாடிப் பட்டகம் அதைத் திருப்பவில்லை. புகைப்படத் தகட்டில் மட்டும் அது நன்றாகப் பதிந்தது. டிசம்பர் 22-ந் தேதி தம் மனைவி பெர்த்தா அம்மையாரின் கையைத் தகட்டின் மீது வைக்கச் செய்து, சுமார் பதினைந்து நிமிஷம் கிரணத்தைப் பாய்ச்சினார். விரலெலும்புகளும், அவற்றில் ஒன்றைச் சுற்றி மோதிரமும் தெளிவாகப் பதிந்தன. உயிருள்ள மனிதரின் எலும்பு, கத்தி படாமல் கண்ணுக்குப் புலனாகியது. கிரணத்தின் இயல்பு தெரியாமையால், கணக்கில் தெரியாத எண்ணுக்கு இடும் எக்ஸ் என்ற எழுத்தையே அதற்குப் பெயராக வைத்தார்.

அந்தக் கிரணம் உண்டாகும் விதத்தை இன்றுள்ள அறிவைக் கொண்டு சுருக்கிச் சொல்வோம். குழாயின் ஒரு முனையிலிருந்து புறப்படும் எலெக்ட்ரான்களைப் பல பதினாயிரம் வோல்ட் மின்விசை மிகுந்த வேகத்துடன் துரத்துகிறது. அவை எதிரேயுள்ள உலோகத்தில் மோதிச் சட்டெனத் தடைப்படுகின்றன. அப்போது அவற்றின் சக்தியில் 100-ல் 99 பங்குக்கு மேல் வெப்பமாகிவிடுகிறது; எஞ்சிய சிறு பங்கே எக்ஸ்-ரே கிரணமாக வெளிப்படுகிறது. வெப்பத்தைத் தாங்கும்பொருட்டே அந்த உலோகம் பெரும்பாலும் டங்ஸ்டனாக அமைகிறது. கிரணமும் ஒளியின் இனத்தைச் சேர்ந்ததே. ஆனால் வைத்தியத்துக்குப் பயன்படும் கிரணத்தின் அலைநீளம், கண்ணுக்குப் புலனாகும் ஒளியலையில் ஏறக்குறையப் பதினாயிரத்தில் ஒரு பங்குதான். இது அலையே என்பதை 1912-ல் மியூனிச் நகரில் லாவே என்பவரின் யோசனைப்படி ஸ்படிகத்தின் வழியே கிரணத்தைச் செலுத்தி நிரூபித்தனர்.

எலும்பு மட்டும் ஏன் தெரிகிறது? சதையில் பெரும்பாலும் கரி, பிராணவாயு, ஜலவாயு முதலிய இலேசான தாதுக்களே உள்ளன. அவை கிரணத்தை எளிதில் விட்டுவிடுகின்றன. எலும்பிலோ சுண்ணத்தின் தாதுவாகிய கால்ஷியமும் பாஸ்வரமும் உள்ளன. அணுவின் கனம் ஏற ஏறக் கிரணத்தை விழுங்கும் ஆற்றல் பன்மடங்காக வளருகிறது. எலும்பின் பின்னே தகட்டில் கிரணம் குறைவாக விழுவதால் அவ்விடம் வெண்மையாக நிற்கிறது. மற்ற இடம் கறுத்துவிடுகிறது. ஆகவே எக்ஸ்-ரே படம் என்பது ஒரு நிழலே. நிழலைப் படிக்கத் தெரிந்த வைத்தியருக்கே அது பயன்படும்.

டிசம்பர் 28-ந் தேதி தம் ஆராய்ச்சியைச் சிறு கட்டுரையாக வூர்ஸ்பர்க் நகரத்துப் பௌதிக வைத்தியச் சங்கத்தாரிடம் ராண்ட்ஜன் கொடுத்தார். அச்சுப் பிரதிகளையும் படங்களையும் 1896-ம் வருஷப் பிறப்பன்று நண்பர்களுக்குத் தபாலில் அனுப்பினார். ஜனவரி 5-ந் தேதி வியன்னா நகரத்துப் பத்திரிகையொன்று செய்தியை வெளியிட்டது. தந்தி அதை உலகெங்கும் கொண்டு சென்றது. 13-ந் தேதி பெர்லின் அரண்மனையில் ஜெர்மன் சக்கரவர்த்தி முன்னிலையில் சோதனை செய்து காட்டினார். 23-ந் தேதி வூர்ஸ்பர்க் சபையில், முதியவரான உடற்கூற்று சாஸ்திரி கெல்லிக்கரின் கையைப் படம் எடுத்துக் காட்டினார். அவரே இதற்கு ராண்ட்ஜன் கிரணம் என்று பெயரிட வேண்டுமெனப் பிரேரேபித்தார். அந்த வருஷம் முடிவதற்குள் இதைப் பற்றி ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் வெளியாயின. ராண்ட்ஜனோ இக்கிரணத்தைப் பற்றித் தம் ஆயுளில் மூன்றே கட்டுரைகள் எழுதினார்.

இவ்வளவு வேகமாக இது பரவியதன் காரணம் என்ன? வேண்டிய குழாயும் மின்சாரச் சுருளும் எந்தப் பௌதிக ஆராய்ச்சிசாலையிலும் இருந்தன என்பது ஒன்று. எவரும் எவருக்கும் கப்பம் கட்ட வேண்டியதில்லை என்பது மற்றொன்று. பெர்லின் நகரத்து ஏ. ஈ. ஜி. என்னும் பெரிய மின்சாரக் கம்பெனியின் பிரதிநிதி ராண்ட்ஜனை அணுகி, வருங்காலக் கண்டுபிடிப்புகளுக்கும் சேர்த்து ஒப்பந்தம் பேச முயன்றார். சர்வகலாசாலை ஆசிரியரின் கண்டுபிடிப்பு மானிட ஜாதி முழுமைக்கும் உரியது; அதைப் பேடண்டினாலோ தனி ஒப்பந்தத்தினாலோ கட்டிவைக்கலாகாது என்ற கொள்கையை எடுத்துரைத்து, அவர் விடைகொடுத்து அனுப்பிவிட்டார்.

சட்டத் தொழிலில் பழகிய நமக்கு இவ்விஷயத்தில் இரு பக்க வாதங்களும் தெரியும். பேடண்டு உரிமை தன்னளவில் தீயதன்று. புதிய யந்திரத்தைக் கண்டவன் தன் ரகசியத்தை ஊரறிய வெளியிடுகிறான். அதற்குக் கைம்மாறாக அரசாங்கம் அவனுக்குச் சில வருஷங்களுக்குத் தனி உரிமை அளிக்கிறது. கைம்மாறு இல்லாவிடில் பலர் ரகசியத்தைத் தம்மோடு சுடுகாட்டுக்குக் கொண்டு போய்விடுவார்கள். இயற்கையிலுள்ள கிரணத்துக்கு எவனும் பட்டா வாங்க முடியாது என்பதும் மெய்யே. ஆயினும் அதை உண்டாக்கும் கருவிக்கும், அதைக் கொண்டு படம் எடுக்கும் முறைக்கும் அவர் உரிமை கோரியிருக்கலாம். வியாஜ்யம் வெல்லுமோ தோற்குமோ, அது நடக்கும் வரையில் பிறர் கை வைக்கத் தயங்கியிருப்பர். கோர்ட்டு வழக்கில் கழியும் வருஷங்கள் எத்தனை என்பதை நம் நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அத்தனை வருஷங்களும் முறிந்த எலும்பும் புதைந்த குண்டும் காத்திருந்திருக்கும். 1913-ல் அமெரிக்காவில் கூலிட்ஜ் என்பவர் செய்த சிறந்த குழாய்க்கு அவருடைய கம்பெனி பேடண்டு வாங்கிற்று. கிளைகளுக்கு அவ்வாறு வேலியிட்டாலும் வேர் பொதுவில் நின்றது. ஆகவே மரம் எங்கும் படர்ந்தது.

படர்ந்த விதத்தையும் சிறிது காண்போம். 1897-98-ம் வருஷங்களில், தற்சமயம் பாகிஸ்தானைச் சேர்ந்த திரா மலைப் பிரதேசத்தில் எல்லைப்புற ஜாதியாருடன் பிரிட்டிஷார் நடத்திய யுத்தத்தில், பீவர் என்ற ராணுவ வைத்தியர் இக்கருவியை மலை மேல் கொண்டு சென்று, காயம்பட்டவர் உடலில் குண்டு தங்கிய இடத்தைக் கண்டார். 1914-ல் மூண்ட மகாயுத்தத்தில் மேரி கியூரி அம்மையார் மோட்டார் வண்டிகளில் இக்கருவியை ஏற்றிப் போர்முனைக்கே அனுப்பினார். 1971-ல் லண்டனில் ஹௌன்ஸ்பீல்டு என்ற பொறியாளர் செய்த கருவி, ஒரே பக்கத்து நிழலுக்குப் பதிலாகப் பல பக்கத்து நிழல்களைக் கணக்கிட்டு, மூளையைக் குறுக்கே அரிந்தாற்போல் காட்டியது. இன்று ஸி. டி. ஸ்கேன் என்று நம் ஊர்களில் வழங்குவது அதுவே.

இந்தத் தானத்துக்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. தடையின்றிப் பரவியது ஆபத்தும் தடையின்றிப் பரவ இடந்தந்தது. எடிஸனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி கிரணத்தினால் கைகள் புண்பட்டு, கைகளை இழந்து, 1904-ல் உயிரும் நீத்தார். இங்கிலாந்தில் 1896-ம் வருஷத் தொடக்கத்திலேயே வைத்தியத்துக்கு எக்ஸ்-ரேயைக் கையாண்ட ஹால்-எட்வர்ட்ஸ் 1908-ல் இடது கையை இழந்தார். இவ்வாறு மாண்டோருக்காக ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் 1936-ல் நாட்டிய ஞாபகத் தூணில், பல தேசத்தார் 169 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. பின்னர் மேலும் பெயர்கள் சேர்ந்தன. ராண்ட்ஜன் தப்பியது, தகடுகள் கெடாதிருக்க அவர் அமைத்துக்கொண்ட துத்தநாகத் தகட்டறையின் உதவியால். இப்போதைய கருவிகளில் மார்புப் படம் ஒன்றுக்கு உடல் ஏற்கும் கிரணம், இயற்கையாகவே சுமார் பத்து நாட்களில் ஏற்பதற்குச் சமமான சிறு அளவே. ஸி. டி. ஸ்கேனில் அது பன்மடங்கு. வேண்டாத படத்தை வைத்தியர் எழுதவும் கூடாது; நோயாளி கேட்டு வாங்கவும் கூடாது.

1901-ல் முதன்முதலாக நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, பௌதிக சாஸ்திரத்துக்குரிய பரிசு ராண்ட்ஜனுக்கே கிடைத்தது. சுமார் 1,50,000 குரோனர் கொண்ட அப்பரிசுப் பணத்தை வூர்ஸ்பர்க் சர்வகலாசாலையின் ஆராய்ச்சிக்கென எழுதி வைத்தார். பெயருக்கு முன் பிரபுக்களுக்குரிய அடைமொழி சேர்த்துக்கொள்ளும் உரிமை வந்தபோது அதையும் விலக்கினார். 1900 முதல் மியூனிச் நகரில் ஆசிரியராயிருந்தார்.

அவரைக் குறையற்றவர் என்று நாம் சொல்லவில்லை. 1914-ல் பெல்ஜியத்தில் ஜெர்மன் சேனை செய்தவற்றை மறுத்து 93 ஜெர்மன் அறிஞர்கள் வெளியிட்ட அறிக்கையில் அவரும் கையொப்பமிட்டார். ஆராய்ச்சியில் ஏழு வாரம் சோதித்த பின்னரே வாய் திறந்தவர், அரசியலில் சோதியாமலே கையெழுத்திட்டார் என்பது பெரியோர் சரித்திரம் படிப்போர் நினைவிற் கொள்ளத்தக்கது. மற்றொரு புறம், தமக்குரிய கீர்த்தி பறிபோயிற்று என்று லெனார்டு கடைசி வரையில் அவர் மீது கசந்திருந்தார். 1933-க்குப் பின் நாஜி ஆட்சியில் செல்வாக்குப் பெற்று, இறந்துபோன ராண்ட்ஜனின் பெயரைக் குறைக்கவும் முயன்றார். அது நிறைவேறவில்லை.

1919-ல் நெடுநாள் நோயுற்றிருந்த பெர்த்தா அம்மையார் காலமானார். யுத்தத்துக்குப் பின் ஜெர்மன் நாணயத்தின் மதிப்பு வீழ்ந்தது. வாழ்நாட் சேமிப்பெல்லாம் காகிதமாயிற்று. 1923-ம் வருஷம் பிப்ரவரி 10-ந் தேதி, குடலில் தோன்றிய புற்றுநோயால் ராண்ட்ஜன் மியூனிச் நகரில் இறந்தார். அவர் விருப்பப்படி அவருடைய கடிதங்களிலும் ஆராய்ச்சிக் குறிப்புகளிலும் பல எரிக்கப்பட்டன. அவருடைய அஸ்தி கீஸன் நகரத்தில் மனைவியாருடையதோடு அடக்கம் செய்யப்பட்டது. அந்த வருஷ முடிவில் ஓர் அமெரிக்க டாலருக்கு நான்கு லட்சம் கோடிக்கு மேற்பட்ட மார்க்குகள் என்ற நிலை வந்தது. சர்வகலாசாலைக்கு அவர் வைத்த பரிசுப் பணத்தையும் அந்த வீழ்ச்சி விழுங்கிவிட்டது.

வக்கீலின் கண்கொண்டு அவருடைய ஆஸ்தியைக் கணக்கிட்டால் விசித்திரமான முடிவுக்கு வருகிறோம். அவர் தமக்கென்று வைத்திருந்த பணம் கரைந்தது. உயில் எழுதிக் கொடுத்த பணமும் கரைந்தது. எழுத்தின்றி, சாட்சியின்றி, பதிவின்றி, பெயர் தெரியாத கோடானுகோடி மக்களுக்கு அவர் விட்டுச் சென்றது ஒன்றே வருஷந்தோறும் வளர்ந்து வருகிறது.

இந்த விவகாரம் பழங்கதையாகிவிடவில்லை. 2020-ம் வருஷம் அக்டோபரில், கொரோனா நோய்க்கான மருந்துகளின் பேடண்டு உரிமையை நோய் தணியும் வரையில் நிறுத்தி வைக்க வேண்டுமென்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் உலக வர்த்தக ஸ்தாபனத்தில் கோரின. தடுப்பு மருந்துகளுக்கு மட்டும் ஒரு குறுகிய சலுகை 2022-ம் வருஷம் ஜூனில் கிடைத்தது. எல்லா உரிமையையும் நீக்கிவிடலாமென்று நாம் வாதிக்கவில்லை. ஆனால் மருந்துக்கும் சிகிச்சைக் கருவிக்கும் தனி உரிமை கோருவோரிடம் பொதுஜனப் பிரதிநிதிகள் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். அந்த அறிவின் வேர் பொதுப்பணத்தில் நடக்கும் கலாசாலைகளில் முளைத்ததா? வழக்கு முடியும் வரையில் காத்திருக்கப் போகிற நோயாளிகள் எத்தனை பேர்? ராண்ட்ஜன் இவ்விரண்டையும் 1896-லேயே தமக்குத் தாமே கேட்டு விடையும் கண்டவர்போல் நடந்துகொண்டார். சட்டசபைகளில் இக்கேள்விகளை எழுப்பும் பொறுப்பு நம் பிரதிநிதிகளைச் சேர்ந்தது. எழுப்பும்படி அவர்களைத் தூண்டும் பொறுப்பு நம் நேயர்களைச் சேர்ந்தது.